பச்சை மலையில் பன்னீர் அடுப்பு



பன்னீர் மணக்காத வைபவம் ஒன்று நம் இல்லங்களில் உண்டா? நிக்காஹ் மஜ்லிஸின் வாசலில் பன்னீர்ச் செம்புடன் நிற்கும் சிறுவனை நீங்கள் அறிவீர்கள். அவன் கையிலிருந்து உங்கள் நெற்றியில் விழுந்த குளிர்ந்த துளிகளையும் மறந்திருக்க மாட்டீர்கள். கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் ஓமத் தீநீர், கண் எரிந்தால் பன்னீர் என்று நம் உம்மாமார்களின் அலமாரியில் இரண்டு புட்டிகள் எப்போதும் இருந்து வந்தன. இரண்டும் ஒரே முறையில் பிறந்தவை. மூலிகையையோ மலரையோ நீரிலிட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரவைத்து, சொட்டுச் சொட்டாகப் பிடிக்கும் முறை அது. சித்த மருத்துவர்கள் அதனைத் தீநீர் என்பர். யூனானி மருத்துவர்கள் அர்க் என்பர்.

இத்தீநீரை ஒரு குடும்பத்தார் தம் வீட்டிலேயே இறக்குவதைக் காணும் வாய்ப்பு 2023ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசி வாரத்தில் எனக்குக் கிட்டியது. கண்ட இடம் ஓமான் நாட்டின் ஜபல் அக்தர். ‘பச்சை மலை’ என்பது அப்பெயரின் பொருள். அங்கே நான் கண்டதையும், எந்த நோக்கத்துடன் அங்கே சென்றேன் என்பதையும், அந்நோக்கம் எங்ஙனம் திருத்தப்பட்டது என்பதையும் உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட விரும்புகிறேன்.

உம்மா கேட்ட புட்டி

என் தம்பி மஸ்கட்டில் ஒரு நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறான். நோன்புப் பெருநாளையொட்டி மதரஸாவுக்கு விடுமுறை விட்டிருந்த நாட்களில், “காக்கா, ஒரு வாரமாவது வந்து இருந்துவிட்டுப் போங்கள்” என்று அழைத்துப் பயணச் சீட்டும் அனுப்பிவிட்டான். புறப்படுவதற்கு முந்தைய இரவு உம்மா என்னைக் கட்டிலருகே அழைத்து உட்காரவைத்தார்கள்.

“வாப்பா, அந்த நாட்டு மலையில் வீட்டுக்கு வீடு பன்னீர் இறக்குகிறார்களாம். தம்பி சொன்னான். கலப்படம் இல்லாததாக ஒரு புட்டி வாங்கி வா. இடக்கண் ஆபரேஷனுக்கு எனக்கு அது வேண்டும்.”

உம்மாவுக்கு இரண்டு கண்களிலும் புரை. 2022இல் வலக்கண்ணில் அறுவை செய்து செயற்கை வில்லை வைத்தார்கள். தண்ணீர் படக்கூடாது, கொடுத்த சொட்டு மருந்தைத் தவிர வேறெதுவும் விடக்கூடாது என்று மருத்துவர் பலமுறை சொல்லியனுப்பினார். பத்தாம் நாள் கண்ணில் அரிப்பும் எரிச்சலும் தோன்றின. “இரண்டு சொட்டுப் பன்னீர் விட்டால் குளிர்ந்துவிடும்” என்றார்கள் உம்மா. சிறுவயதில் வெயிலில் விளையாடிவிட்டு வந்து கண் சிவந்து நின்றபோதெல்லாம் உம்மா எனக்குச் செய்த வைத்தியந்தான் அது. கடையில் வாங்கி வைத்திருந்த புட்டியைத் திறந்து விட்டேன். மறுநாள் கண் வீங்கியது. மூன்றாம் நாள் சீழ் கட்டியது. மருத்துவமனையில் பல நாட்கள் இருந்து கண்ணைக் காப்பாற்றினோம். பார்வை மட்டும் பழையபடி திரும்பவில்லை. இன்றும் அக்கண்ணுக்கு ஆள் தெரியும், முகம் தெரியாது.

உறவினர் விசாரித்தபோதெல்லாம், “கடைப் பன்னீரில் கலப்படம்” என்றே சொல்லி வந்தேன். உம்மாவும் அதை நம்பினார்கள். அப்படிச் சொல்லும்போது என் மனத்துக்கும் ஓர் ஆறுதல் இருந்தது. ஆகவே அசல் பன்னீரைத் தேடி மலையேறும் எண்ணம் எனக்கும் பிடித்துப் போயிற்று.

வாழைக்குளத்திலிருந்து வானோரம்

மஸ்கட்டிலிருந்து நிஸ்வா செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் சென்றால் பிர்கத்துல் மவ்ஸ் என்னும் ஊர் வருகிறது. ‘வாழைக்குளம்’ என்று தமிழில் சொல்லலாம். பெயருக்கு ஏற்ப வாழையும் பேரீச்சையும் அடர்ந்த தோப்பு. தோப்பின் பின்னே சரிந்து கிடக்கும் பழைய மண் வீடுகள். தோப்புக்குள் நுழைந்தால் தண்ணீர் ஓடும் ஓசை கேட்கும். ‘ஃபலஜ்’ எனப்படும் பண்டைய நீர்க்கால்வாய் அது. ஓமானின் ஐந்து ஃபலஜ்களை யுனெஸ்கோ நிறுவனம் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. இவ்வூரின் ஃபலஜ் அல்கத்மைன் அவற்றுள் ஒன்று.

ஊரைத் தாண்டியதும் காவல்துறையின் சோதனைச்சாவடி. நான்கு சக்கரங்களுக்கும் விசை பாயும் வண்டியன்றி வேறு வண்டிக்கு அனுமதி இல்லை. அதன் காரணம் சிறிது தூரத்திலேயே விளங்கிவிட்டது. சாலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்றமோ, அமர்ந்திருப்பவனைப் பின்னுக்குத் தள்ளும் ஏற்றம். இருபுறமும் புல் பூண்டற்ற பாறை. “இதையா பச்சை மலை என்கிறார்கள்?” என்று தம்பியிடம் கேட்டேன். “கொஞ்சம் பொறுங்கள், காக்கா” என்றான்.

சைக் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கியபோது கீழே விட்டு வந்த வெக்கை காணாமற் போயிருந்தது. குளிர்காலத்தில் இங்கே சில இரவுகளில் தண்ணீர் உறைந்துவிடும் என்றான் தம்பி. பள்ளத்தாக்கின் விளிம்பில் அல்அக்ர், அல்ஐன், அஷ்ஷுரைஜா என்னும் சிற்றூர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் கீழே, பாறைச் சரிவில் கல்லடுக்கிக் கட்டிய படிவயல்கள், ஒரு முழ அகலமும் வீணாகாதபடி இறங்கிச் செல்கின்றன. மாதுளை, வாதுமை, அக்ரூட் மரங்களின் இடையே இளஞ்சிவப்புப் புள்ளிகளாக ரோஜாச் செடிகள். மலையின் பெயர்க்காரணம் அப்போது புரிந்தது.

இம்மலரைத் தமஸ்கஸ் ரோஜா என்று உலகம் அழைக்கிறது. நம் பூக்கடைகளில் விற்கும் நீண்ட காம்பு ரோஜாவைப் போன்ற மிடுக்கு அதற்கில்லை. உள்ளங்கையில் அடங்கும் சிறிய மலர். ஆனால் மணம் முழுவதும் இதனிடந்தான் இருக்கிறது. மார்ச் இறுதி முதல் மே நடுப்பகுதி வரைதான் பூக்கும். வெயில் ஏறினால் மணம் காற்றோடு போய்விடும் என்பதால் அதிகாலையிலேயே பறித்தாக வேண்டும். ஃபஜ்ர் தொழுகையை முடித்து நாங்கள் படிவயலுக்கு இறங்கியபோது பறிப்பு தொடங்கியிருந்தது. கழுத்தில் கட்டிய துணியைத் தொட்டில்போல் ஏந்தி, பூவைக் கிள்ளி உள்ளே போட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். பறித்தவர்களுள் வங்காளதேசத்து இளைஞர்கள் இருவரும் இருந்தனர். அவர்கள் விரல்களில் முள் கீறிய தழும்புகளைக் கண்டேன். ஒரு புட்டிப் பன்னீரின் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் அவ்விரல்களைப் பார்க்க வேண்டும்.

துஹ்ஜான்

தம்பிக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தினர் எங்களை வரவேற்றனர். வீட்டின் தலைவர் எழுபது வயதைக் கடந்தவர். வயது முதிர்ந்தவர்களை ‘வாலித்’, அதாவது தந்தையே என்று அழைப்பது அந்நாட்டு மரியாதை. நானும் அவ்வாறே அழைத்தேன். அவர் என்னை ‘யா உஸ்தாத்’ என்றார். கிதாபுகளில் படித்த அரபியை நான் பேச, அவர் புன்னகையுடன் தம் மலையரபியில் பதில் சொன்னார். எனக்குப் பாதி புரிந்தது. மீதியைத் தம்பி புரியவைத்தான்.

வீட்டையொட்டிப் புகை படிந்த ஒரு சிறிய அறை. அதனுள்ளே கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய நீண்ட அடுப்பு. இதுவே ‘துஹ்ஜான்’. அடுப்பின் மேற்பரப்பில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு மண்பானை. அடியில் விறகு எரிகிறது. பானையில் இதழ்களையும் சிறிது நீரையும் இடுகிறார்கள். இதழ்களின் நடுவே ஒரு சிறு செப்புப் பாத்திரத்தை வெறுமையாக வைக்கிறார்கள். பானையின் வாயை அடிப்புறம் குவிந்த ஒரு செப்புக் கிண்ணத்தால் மூடி, அக்கிண்ணத்தில் குளிர்ந்த நீரை ஊற்றுகிறார்கள். நடப்பது இவ்வளவே: சூட்டில் எழும் ஆவி மேலே போய்க் குளிர்ந்த கிண்ணத்தின் அடியில் முட்டுகிறது, அங்கே நீராகி, குவிந்த முனைக்கு வழிந்து, நேர்கீழே உள்ள செப்புப் பாத்திரத்தில் சொட்டுகிறது. மேலே உள்ள நீர் சூடேறியதும் அதை எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றுகிறார்கள். குழாய் இல்லை, கருவி இல்லை.

அந்த உயரத்தில் நீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடும். காற்றின் அழுத்தம் குறைவு என்பதே காரணம். இதழ்கள் அதிகமாக வேகாமலிருக்க அதுவும் சிறிது உதவத்தான் செய்யும்.

ஒரு பானை வேகச் சுமார் இரண்டு மணி நேரம் ஆயிற்று. பெரியவர் ஒவ்வொரு கிண்ணத்தையும் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார். பானையில் இன்னும் நீர் இருந்தது. ஆவியும் எழுந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும் விறகை வெளியே இழுத்துவிட்டார்.

“வாலித், இன்னும் ஒரு பாத்திரம் கிடைக்குமே?” என்று கேட்டேன்.

“கிடைக்கும், உஸ்தாத். ஆனால் அது பன்னீர் இல்லை, கருகிய நீர். அதைச் சேர்த்தால் புட்டி கூடும். எல்லாப் புட்டியும் கெடும்.”

இறக்கிய நீரை அப்படியே விற்பதில்லை. மண்ஜாடியில் ஊற்றி ஒரு மாதத்துக்குக் குறையாமல் அசையாது வைக்கிறார்கள். கசடு அடியில் தங்கிய பிறகே மேல்நீரை எடுத்துப் புட்டியில் அடைக்கிறார்கள். இப்பன்னீர் நாம் அறிந்த நிறமற்ற பன்னீர் போன்றதன்று. தேயிலைச் சாயம்போல் பழுப்பேறி, ரோஜா மணத்தோடு விறகுப் புகையும் கலந்து மணக்கும். காவாவில் இரண்டு துளி, ஓமானிய அல்வாவில் ஒரு கரண்டி, வந்த விருந்தினர் கைகளில் ஒரு தெளிப்பு. பெரியவரின் பேரனோ அடுத்த அறையில் எவர்சில்வர் வாலையை வைத்து எரிவாயுவில் இறக்குகிறான். அவனுடையது கண்ணாடிபோல் தெளிவானது. புகை மணம் இல்லை. பட்டணத்தார் அதைத்தான் கேட்கிறார்களாம். மலையிலுள்ளவர்கள் இன்னும் பாட்டனாருடையதையே வாங்குகிறார்கள்.

மதுசாரமும் நீரும்

வாசகர்களில் சிலர் இங்கே ஒரு கேள்வி கேட்கக்கூடும்: மூலிகைச் சத்தை எடுக்க இத்தனை பாடு எதற்கு? டிங்சர் என்று ஒன்று இருக்கிறதே, மூலிகையை மதுசாரத்தில் ஊறவைத்து வடிகட்டினால் முடிந்ததே என்று.

அது உண்மைதான். மதுசாரம் மூலிகையின் எண்ணெய், பிசின், கசப்பு அனைத்தையும் எளிதில் கரைத்துக்கொள்ளும். கெடாமல் ஆண்டுக்கணக்கில் காக்கவும் செய்யும். மேலை மருத்துவம் டிங்சரை விரும்பியதன் காரணம் அதுவே. நம் நாட்டு அரிஷ்டங்களிலும் ஆசவங்களிலும், புளிக்கும்போது தானாக உண்டாகும் மதுசாரம் இருக்கிறது; புட்டியின் மேலேயே அதை அச்சிட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். மருந்தில் கலந்த மதுசாரம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே விரிவான ஆய்வுகள் உண்டு. அதற்குள் நான் இங்கே புகவில்லை. உங்கள் ஊர் ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டுத் தெளியுங்கள். ஆனால் வீட்டில் மூலிகைச் சத்து எடுக்க விரும்பும் குடும்பத்துக்கு மதுசாரமற்ற வழிகள் இல்லாமற் போகவில்லை.

அவை மூன்று. கசப்பும் துவர்ப்பும் உள்ள வேர், பட்டைகளுக்குக் கஷாயம்; அன்றன்று காய்ச்சி அன்றே குடித்துவிட வேண்டும். இரண்டாவது, காடியும் தேனும். புதினா போன்ற இலைகளைக் காடியில் ஊறவைத்துத் தேன் சேர்த்துச் செய்யும் ‘சிகன்ஜபீன்’ யூனானி மருத்துவத்தில் பெயர் பெற்றது. மூன்றாவது தீநீர். ஆவியோடு எழக்கூடிய மணச்சத்து உள்ள பொருள்களுக்கே இது பொருந்தும். ரோஜா, ஓமம், சோம்பு, புதினா இவற்றுக்கு ஏற்றது. நிலவேம்பை வாலையிலிட்டால் கசப்பு பானையிலேயே தங்கிவிடும். நீங்கள் பிடிப்பது வெறும் நீராகத்தான் இருக்கும்.

இக்கலையில் அரபு அறிஞர்களின் பங்கு பெரிது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி, நறுமணப் பொருள்களையும் அவற்றை வடிப்பதையும் பற்றித் தனி நூலே எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் அதில் உள்ளன. வாலைக்கு அரபியில் ‘அல்அன்பீக்’ என்று பெயர். ஐரோப்பியர் அச்சொல்லை அப்படியே எடுத்து ‘அலெம்பிக்’ என்றனர்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். ரோஜாவின் எண்ணெய் ஒரு கிலோ எடுக்க 3 முதல் 5 டன் வரை இதழ்கள் தேவைப்படும். பன்னீரில் நாம் முகர்வதோ பெரும்பாலும் ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்னும் பொருள். எண்ணெயில் தங்காமல் நீரில் எளிதில் கரைவது அதன் இயல்பு. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம்; வேதியியலார் ஒரு பெரும் பொருட்கூட்டத்துக்கு இட்ட குடும்பப் பெயர் அது. போதையூட்டும் மதுசாரம் அக்குடும்பத்தில் ஒன்று. பன்னீரின் மணம் வேறொன்று.

பெரியவரின் கேள்வி

காவாவும் பேரீச்சம்பழமும் முடிந்ததும் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். தெளிந்த பழைய பன்னீர் ஒரு புட்டி வேண்டும் என்றேன். பெரியவர் மகிழ்ச்சியோடு எடுத்து வரச் சொன்னார். “அல்வாவுக்கா?” என்று கேட்டார்.

“இல்லை, வாலித். என் உம்மாவின் கண்ணுக்கு.”

அவர் முகம் மாறியது. புட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்த்துக் காட்டினார். அடியிலிருந்து மெல்லிய கசடு நூல்போல் எழுந்து சுழன்றது.

“இதையா கண்ணில் விடப் போகிறாய்? நெற்றிக்குப் பூசு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கண்ணுக்கு வேண்டாம். எனக்கும் புரை வந்தது. பட்டணத்து மருத்துவமனையில்தான் எடுத்தார்கள். வீட்டில் இத்தனை பன்னீர் இருந்தும் ஒரு துளி விடவில்லை. மண்ணில், புகையில், கையில் செய்தது இது. மணத்துக்குச் சுத்தம், கண்ணுக்குச் சுத்தம் வேறு.”

பிறகு கேட்டார்: “முதற்கண்ணுக்கு என்ன ஆயிற்று?”

எனக்கு வாய் எழவில்லை. ‘கடைப் பன்னீரில் கலப்படம்’ என்னும் வழக்கமான பதில் நாக்கின் நுனி வரை வந்தது. அந்த முகத்துக்கு எதிரே அதைச் சொல்ல முடியவில்லை. “நான்தான் விட்டேன், வாலித்” என்றேன். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கே அது அன்றுதான் தெரியும்.

பெரியவர் எதுவும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துச் சிறிது நேரம் வைத்திருந்தார்.

வாசகர்களே, அந்தப் புட்டியில் கலப்படம் இருந்ததா என்று நான் ஒருபோதும் சோதித்துப் பார்த்ததில்லை. ஊர் திரும்பியதும் கண் மருத்துவரிடம் கேட்டேன். பன்னீர் எத்துணை அசலாயினும் கேடுதான் என்றார். கொதித்து ஆவியாகும்போது நீர் தூயதாகத்தான் எழுகிறது. ஆனால் பிடித்த பாத்திரத்திலும், ஊற்றிய புட்டியிலும், திறந்த மூடியிலும் கிருமிகள் சேர்ந்துவிடும். வெறும் தண்ணீரிலேயே பெருகக்கூடிய கிருமிகள் உண்டு. அறுவை செய்த புண் ஆறாத கண்ணுக்குள் அவை போனால் ஓரிரு நாட்களில் பார்வையைப் பறித்துவிடும். சொட்டு மருந்தைக் கிருமி நீக்கி அடைப்பதும், திறந்த பிறகு குறித்த நாட்களுக்குள் எறிந்துவிடச் சொல்வதும் இதனால்தான். கலப்படத்தின்மேல் பழி போட்டு நான் என்னை மட்டும் காத்துக்கொள்ளவில்லை. உம்மாவின் இடக்கண்ணையும் அதே ஆபத்துக்குக் கொண்டுபோகவிருந்தேன். அசலைத் தேடி மலையேறியது அதற்காகத்தான் முடிந்திருக்கும்.

நம் வீட்டு அடுப்பில்

அப்படியானால் வீட்டில் தீநீர் இறக்கவே கூடாதா? இறக்கலாம். துஹ்ஜானின் தத்துவம் நம் சமையலறைக்கும் பொருந்தும். நான் செய்து பார்த்த முறையைச் சொல்கிறேன்.

மருந்து தெளிக்காத பன்னீர் ரோஜா கால் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைத்தெருப் பூ வேண்டாம், பூச்சிமருந்து அதிலிருக்கும். வீட்டுத் தோட்டத்துப் பூவே நல்லது. இதழ்களை உதிர்த்து அலசுங்கள். அகன்ற எவர்சில்வர்ப் பாத்திரத்தின் நடுவே ஒரு சிறு முக்காலியை வைத்து அதன்மேல் வெறுங்கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தைச் சுற்றி இதழ்களை இட்டு ஒரு லிட்டர் நீர் ஊற்றுங்கள். நீர் கிண்ணத்தின் விளிம்பை எட்டக்கூடாது. நடுவில் குவிந்த மூடியைக் கவிழ்த்து மூடி, மேலே பனிக்கட்டி வையுங்கள். சிறுதீயில் வைத்தால் அரைமணி முதல் முக்கால் மணி நேரத்தில் ஒரு குவளையளவு பன்னீர் சேரும். அத்தோடு நிறுத்திவிடுங்கள். பெரியவர் விறகை இழுத்ததை நினைவில் கொள்ளுங்கள். பாத்திரத்தில் நீர் வற்றும்வரை விடக்கூடாது. மூடியின்மேல் பெரும் பாரம் வைத்து ஆவியை அடைக்கவும் கூடாது. மதுசாரத்தை வைத்து இம்முறையை முயலவே கூடாது. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும்.

கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். பத்து நாட்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். மணம் மாறினாலோ, நூல்போல் ஏதேனும் மிதந்தாலோ கொட்டிவிடுங்கள். பாயசத்துக்கும் சர்பத்துக்கும், வெயிலில் வந்தவர் நெற்றிக்கும் இது போதும். 50 கிராம் ஓமத்தை இடித்து ஓர் இரவு ஊறவைத்து இதே முறையில் ஓமத் தீநீரும் இறக்கலாம். பெரியவர்களின் வயிற்று உப்பசத்துக்கு அது இதம் தரும். கைக்குழந்தைக்குக் கொடுக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

2023 ஜூன் மாதம் உம்மாவுக்கு இடக்கண்ணில் அறுவை நடந்தது. அதற்கு முந்தைய நாள் முழுவதையும் உம்மாவிடம் சொன்னேன். கடையின்மேல் நான் போட்ட பழியையும் சொன்னேன். உம்மா நெடுநேரம் பேசாதிருந்தார்கள். பின்பு, “விடச் சொன்னது நான்தானே, வாப்பா” என்றார்கள். நாற்பது நாட்கள் மருத்துவர் தந்த சொட்டு மருந்தைத் தவிர வேறெதுவும் அக்கண்ணைத் தொடவில்லை. அல்ஹம்துலில்லாஹ், பார்வை தெளிந்தது. குர்ஆனைப் பழையபடி தாமே பார்த்து ஓதுகிறார்கள்.

பச்சை மலையிலிருந்து பெரியவர் விலை வாங்காமல் கொடுத்தனுப்பிய அந்தப் பழுப்புநிறப் புட்டி உம்மாவின் அலமாரியில் இருக்கிறது. சில மாலைகளில் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடி வைப்பார்கள். அதன்மேல் ஒரு காகிதம் ஒட்டி என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்: ‘மணத்துக்கு, கண்ணுக்கு அன்று.’ உங்கள் வீட்டு அலமாரியில் பன்னீர்ப் புட்டி இருந்தால், இன்றே அப்படி ஒரு காகிதம் ஒட்டிவிடுங்கள்.